பழைய பட்டாள ரைபிளுக்குத் தோட்டா ரீலோடிங்: டை, குண்டு, மருந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது படையின் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துப் பராமரிக்கும் வேலையில், இருபத்துச் சொச்சம் வருஷம் இருந்துவிட்டு இப்போது மண்டபத்தில் வீட்டோடு இருக்கிறேன். அக்கா மகன் மெல்போர்னில் வேலை பார்க்கிறான். அங்கே உரிமம் எடுத்து, சுடும் கிளப்பில் சேர்ந்து, 1942-இல் லித்கோ ஆலையில் செய்த .303 லீ என்ஃபீல்டு ரைபிள் ஒன்றை வாங்கினான். கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை என்று, சுட்ட கூட்டிலேயே மறுபடி மருந்தும் குண்டும் வைத்துக்கொள்ளும் ரீலோடிங் பழக நினைத்தான். "எந்த டை வாங்க மாமா, எவ்வளவு மருந்து போட?" என்று வாட்ஸ்ஆப்பில் தொடங்கியது. பிறகு அவன் கூட்டாளிகள், கனடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் என்று கேள்விகள் சேர்ந்துகொண்டே போயின. இங்கே பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகளும் வேறு விதமாகக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிட்டேன்.

சொற்களை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். தோட்டா என்றால் முழுசு. அதில் நான்கு பாகம்: பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்ட பிறகு மிஞ்சும் காலிக் கூட்டைப் பட்டாளத்தில் கோக்கா என்போம். டை என்பது கூட்டை அளவாக்கவும் குண்டை உட்கார வைக்கவும் உதவும் உலோக அச்சு.

ஐயா, நான் ராமநாதபுரத்தில் இருக்கிறேன். இங்கேயே ரீலோடிங் செய்து பழகலாமா?

முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே குற்றம். தயாரிப்பது அதைவிடப் பெரிய குற்றம். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: அந்தச் சட்டம் 'தோட்டா' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் கருவிகளும் அடங்கும். அதனால் வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா ஒரு டை செட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து தந்தாலும் சிக்கல்தான். மேலும் .303, 7.62 போன்ற படைத்தரத் தோட்டா ஏறும் ரைபிள்கள் இங்கே சாதாரண உரிமத்தில் கிடைப்பவை அல்ல.

ஆகவே, கீழே டை பற்றியும் மருந்து பற்றியும் சொல்வதெல்லாம் ரீலோடிங் சட்டப்படி செல்லும் நாட்டில், உரிமத்தோடு இருப்பவர்களுக்கு. இங்கே இருப்பவர்கள் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வாசிக்கலாம். உங்களுக்காகக் கடைசியில் இரண்டு கேள்விகள் வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டில் எல்லா இடத்திலும் ஒரே சட்டமா?

இல்லை. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குச் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை; மாநிலச் சட்டம் தனி. பிரிட்டனில் பிரைமர் வாங்கவே சான்றிதழைக் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். முதல் வேலையாக உங்கள் கிளப்பில் விசாரியுங்கள்.

மாமா, டை செட் எது வாங்கட்டும்? கடையில் நாலு விதம் காட்டுகிறான்.

ரைபிளை அளக்காமல் டை வாங்காதே. இதை அவனுக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். ஏன் என்று தெரிந்தால் எந்த டை என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

சுடும்போது பித்தளைக் கூடு சேம்பரின், அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையின், அளவுக்கு உப்பிவிடும். அதை மறுபடி அளவுக்குள் கொண்டுவருவது சைசிங் டை. பொற்கொல்லர் கம்பியச்சில் கம்பியை இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உலோகத்தைத் துளைக்குள் நெருக்கி அளவாக்குவது என்ற வகையில் இரண்டும் ஒன்று. இதில் முழுக் கூட்டையும் நெருக்கும் டை ஒன்று. குண்டு உட்காரும் கழுத்தை மட்டும் நெருக்கும் டை இன்னொன்று. குண்டை உட்கார வைக்கும் சீட்டிங் டை எல்லா செட்டிலும் இருக்கும், அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது .303-க்கு வருவோம். அது அடியில் விளிம்புள்ள கூடு. சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டுக்கும் பேரலுக்கும் நடுவில் அந்த விளிம்புதான் தோட்டாவை நிறுத்துகிறது. விளிம்பு அதிகபட்சம் 1.63 மில்லிமீட்டர் கனம். ஆனால் போர்க்காலத்தில், சேறும் மணலும் ஒட்டிய தோட்டாவும் தடையில்லாமல் ஏற வேண்டும் என்று சேம்பரைத் தாராளமாகக் கடைந்தார்கள். விளிம்பு உட்காரும் இடைவெளி 1.88 மில்லிமீட்டர் வரை இருந்தாலும் ரைபிள் களத்துக்குத் தகுதி என்றே வைத்திருந்தார்கள். கால் மில்லிமீட்டர் இடைவெளி. பட்டாளத்துக்கு அது பெரிய குறை இல்லை; ஒரு தோட்டா ஒரு தடவைதான் வெடிக்கப்போகிறது. உனக்கோ அதே கூடு ஏழெட்டுத் தடவை வெடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கூட்டின் முன்பாதி சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பாதி பின்னால் போல்ட்டை நோக்கித் தள்ளப்படும். அடிக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலியும். முழு சைசிங் டையால் கூட்டின் தோள்பட்டையை, அதாவது கழுத்துக்குக் கீழே சரிந்து அகலும் இடத்தை, மறுபடி பின்னுக்குத் தள்ளினால், அடுத்த தடவை மறுபடி இழுபடும். மூன்றாவது நான்காவது தடவையிலேயே கூடு இரண்டாகப் பிரியும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு பயிற்சி முகாமில் ஜவான் ஒருவர் .303 சுட்டுக்கொண்டிருந்தார். சத்தம் வழக்கம்போலத்தான் கேட்டது. போல்ட்டைப் பின்னால் இழுத்தார். கட்டைவிரல் நகம் நீளத்துக்கு அடித்துண்டு மட்டும் வந்து மணலில் விழுந்தது. அவர் கவனிக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்ற, அது பாதியில் சிக்கி நின்றது. நான் போய் எடுத்துப் பார்த்தேன். பிய்ந்த விளிம்பு மோதிரம்போல வட்டமாக, கத்தியால் அறுத்த மாதிரி பளபளவென்று இருந்தது. மீதிக் கூடு சேம்பருக்குள்ளேயே ஒட்டியிருந்தது. உடைந்த கூட்டை எடுப்பதற்கென்றே உள்ள எக்ஸ்ட்ராக்டரை விட்டுத்தான் வெளியே கொண்டுவந்தேன். சாயங்காலம் கோக்கா எண்ணிக் கணக்கு ஒப்படைக்கும்போது அந்த இரண்டு துண்டையும் ஒரு தாளில் மடித்து, ஒன்று என்று எழுதிக் கொடுத்தோம். அது புதுத் தோட்டா, ஒரு தடவைகூட ரீலோட் செய்யாதது. சேம்பர் அவ்வளவு தளர்ந்திருந்தது. அந்த ரைபிளை அன்றே ஒதுக்கிவைத்தோம்.

அதனால் ஒரே ரைபிள் வைத்திருப்பவருக்குக் கழுத்தை மட்டும் நெருக்கும் டை போதும். அதிலும் காலெட் டை என்று ஒன்று உண்டு: கழுத்தின் வெளியே இருந்து விரல்போல அழுத்தி, உள்ளே இருக்கும் தண்டின் அளவுக்குக் கொண்டுவரும். மசகு தடவவும் வேண்டியதில்லை, பித்தளையும் குறைவாக நோகும். முதல் தடவை சுட்ட கூடு உன் சேம்பருக்கு அச்சு வார்த்ததுபோல ஆகிவிடும். அதன் பிறகு விளிம்பை நம்பாமல் தோள்பட்டையிலேயே தோட்டா நிற்கும். இழுபடுவது பெரும்பாலும் நின்றுவிடும். நாலைந்து தடவைக்குப் பிறகு போல்ட் மூடக் கனமாக இருந்தால், அப்போது முழு டையைப் போட்டுக்கொள்ளலாம். அப்போதும் டையை, கூட்டைப் பிடித்திருக்கும் தகட்டில் இடிக்கும்வரை திருகாமல், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, போல்ட் இலகுவாக மூடும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஆக, இரண்டு டையும் தேவைதான். நாள்தோறும் கையில் இருப்பது கழுத்து டை.

வேறொருவர் ரைபிளில் சுட்ட கோக்காவைப் பொறுக்கிக்கொண்டு வந்தால் மட்டும் முதலில் முழு டை. அவர் சேம்பர் வேறு, உங்கள் சேம்பர் வேறு.

கூடு மெலிந்திருப்பதை வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் கண்ணைவிட விரல் சரியாகச் சொல்லும். பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியை இரண்டு மில்லிமீட்டர் மடக்கி, கூர்மையாக அரத்தில் தேய்த்துக்கொள்ளுங்கள். அதைக் கூட்டுக்குள் அடிவரை விட்டு, சுவரை ஒட்டி மெல்ல மேலே இழுங்கள். நல்ல கூட்டில் வழுவழுவென்று வரும். மெலிந்த கூட்டில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்த மாதிரி விரலில் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்தக் கூட்டைக் குறடால் நசுக்கிப் பழைய பித்தளையோடு போட்டுவிடுங்கள். இன்னும் ஒரு தடவை தாங்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

கூட்டின் நீளமும் வளரும். அதிகபட்சம் 56.44 மில்லிமீட்டர்; அதைத் தாண்டினால் வெட்டி 56.2 அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

.303 என்றால் .303 அங்குலக் குண்டுதானே? .308 குண்டு மலிவாகக் கிடைக்கிறதே?

குண்டைச் சுழலவைக்கப் பேரலுக்குள் திருகலாக வெட்டியிருப்பது வரிப்பள்ளம், பள்ளங்களுக்கு இடையே நிற்பது வரிமேடு. .303 என்பது பேரலின் உள்ளே வரிமேடுகளுக்கு நடுவே உள்ள அளவு, 7.70 மில்லிமீட்டர். குண்டு வரிப்பள்ளத்தை நிரப்ப வேண்டும். அதற்கு .311 அல்லது .312, அதாவது 7.90 மில்லிமீட்டரை ஒட்டிய குண்டு வேண்டும். .308 குண்டு தளர்வாகப் போகும். இலக்கில் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. டைக்குள் கழுத்தை விரிக்கும் உருண்டை .303-க்கு உரியதுதானா என்றும் பார்த்து வாங்குங்கள்.

போர்க்காலப் பேரல்களில் அளவு அங்குமிங்கும் இருக்கும். .311-இல் தொடங்கி அதற்கு மேலே நன்றாகவே தாண்டியவையும் உண்டு. உங்கள் பேரல் எவ்வளவு என்று தெரிய ஈயம் விட்டு அளக்க வேண்டும். எங்கள் கடற்கரையில் வலையின் அடிக்கயிற்றில் கோத்திருக்கும் ஈயக்குண்டைப் பார்த்திருப்பீர்கள். நகத்தால் கீறினால் கோடு விழும். அந்த அளவு மென்மையான ஈயம் வேண்டும். துளையைவிடச் சற்றே பெரிதாக ஓர் உருண்டை. பேரலுக்கு எண்ணெய் விட்டு, ஈயத்தை முனையில் வைத்து மரச்சுத்தியால் தட்டி ஏற்றி, பித்தளைத் தண்டால் மறுபக்கம் தள்ளிவிடுங்கள். வெளியே வரும்போது வரிப்பள்ளம் அத்தனையும் அதில் பதிந்திருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். என்ஃபீல்டு பேரல்களில் பெரும்பாலும் ஐந்து வரிப்பள்ளம். ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு இருக்கும். சாதாரண மைக்ரோமீட்டரில் வைத்தால் அசல் அளவைவிடக் குறைவாகத்தான் காட்டும். வி வடிவப் பிடி உள்ள மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். நல்ல லேத் பட்டறையில் இருக்கும். போர்க்காலத்தில் அவசரத்துக்கு இரண்டே பள்ளம் வெட்டிய பேரலாக இருந்தால் சாதாரண மைக்ரோமீட்டரே போதும்.

ஐந்து பள்ளம் ஏன் வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய கதைதான். 1888-இல் .303 வந்தபோது கருமருந்துதான் போட்டார்கள், பேரலில் மெட்ஃபோர்ட் என்பவர் வகுத்த ஆழமில்லாத வரிகள். அடுத்த சில வருஷத்தில் கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது. அதன் சூட்டில் அந்த வரிகள் சீக்கிரமே தேய்ந்தன. 1895-இல் ஆழமான ஐந்து பள்ளத்துக்கு மாறினார்கள்; என்ஃபீல்டு என்ற பெயர் அங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

எந்த எடைக் குண்டு?

174 முதல் 180 கிரெய்ன். 1910-இல் வந்த மார்க் 7 தோட்டாவில் 174 கிரெய்ன் கூர்முனைக் குண்டு, விநாடிக்கு 2,440 அடி வேகம். ரைபிளின் குறிபார்க்கும் சைட்டில் பொறித்திருக்கும் தூரக் கணக்கு அதற்கென்றே போட்டது. அதே எடை, அதை ஒட்டிய வேகம் என்றால் சைட் பொய் சொல்லாது. கிரெய்ன் புரியாதவர்களுக்கு: ஒரு பவுன், அதாவது 8 கிராம், ஏறக்குறைய 123 கிரெய்ன். 174 கிரெய்ன் குண்டு ஒன்றரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு.

மருந்து எவ்வளவு போடுவது? ஒரு எண்ணைச் சொல்லுங்கள் ஐயா, எல்லோரும் சுற்றி வளைக்கிறார்கள்.

எண்ணை நான் சொல்ல மாட்டேன். காரணம் கேளுங்கள். ஒரே பெயரில் மருந்து இருந்தாலும் குண்டு மாறினால், கூட்டின் கனம் மாறினால், பிரைமர் மாறினால் அழுத்தம் மாறும். மருந்து தயாரிப்பாளர் தம் சோதனைக் கூடத்தில் அழுத்தம் அளந்து பட்டியல் வெளியிடுகிறார். உங்கள் மருந்து, உங்கள் குண்டு எடை இரண்டும் சேரும் வரியை எடுத்து, அதில் தொடக்க அளவு என்று போட்டிருப்பதிலிருந்து தொடங்குங்கள். தொடக்க அளவு தனியாக இல்லாவிட்டால் அதிகபட்சத்தில் 10 சதவீதம் குறைத்துக்கொள்வது வழக்கம். வாய்வழி வந்த எண்ணை, அது நான் சொன்னதாக இருந்தாலும், கூட்டுக்குள் போடாதீர்கள்.

எந்த வகை மருந்து என்றால் சொல்கிறேன். .303-க்கு நடுத்தர வேகத்தில் எரியும் ரைபிள் மருந்து. மெல்போர்ன் மருமகனுக்கு ஏ.ஆர்.2208 என்று கடையில் கிடைக்கும்; அமெரிக்காவில் அதையே வார்கெட் என்ற பெயரில் விற்கிறார்கள். ஏ.ஆர்.2206எச் என்பதுதான் அங்கே எச்4895. இரண்டும் ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் செய்பவை. மெதுவான, தோளை இடிக்காத சுடலுக்கு எச்4895 நல்லது. அதிகபட்ச அளவில் 60 சதவீதம் மீதி இருக்கும்வரை, அதற்குக் கீழே போகாமல், குறைக்கலாம் என்று விற்பவர்களே அனுமதி தந்திருக்கிறார்கள். எல்லா மருந்துக்கும் அப்படி இல்லை. மெதுவாக எரியும் மருந்தைக் கண்டபடி குறைத்துப் போட்டால் அழுத்தம் குறைவதற்குப் பதில் தாறுமாறாக ஏறி ரைபிளையே உடைத்த சம்பவங்கள் உண்டு. குறைத்தால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம்.

அதிகபட்ச அளவு வரை போனால் என்ன?

லீ என்ஃபீல்டு போல்ட்டின் பூட்டு பின்பக்கம் இருக்கிறது. மௌசர் ரைபிளைப்போல முன்னால் இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் போல்ட் நூலிழை அமுங்கும், அந்த அளவுக்குக் கூடு நீளும். அமெரிக்கத் தரநிலை .303-க்குச் சதுர அங்குலத்துக்கு 49,000 பவுண்டு அழுத்தம் என்று வைத்திருக்கிறது; .308-க்கு 62,000. அந்த வித்தியாசத்தை மதிக்க வேண்டும். மேலும் இந்த ரைபிளில் அபாய அறிகுறிகள் தாமதமாகத்தான் தெரியும். பிரைமர் தட்டையாகும்வரை, போல்ட் தூக்கக் கனக்கும்வரை காத்திருந்தால் எல்லை தாண்டியிருப்பீர்கள்.

தொடக்க அளவில் ஐந்து, அரை கிரெய்ன் கூட்டி ஐந்து என்று கட்டிக்கொண்டு போங்கள். எங்கே ஐந்தும் நெருங்கி விழுகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். பெரும்பாலும் அது அதிகபட்சத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிடும். எண்பது வருஷத்து ரைபிள் இது. அதைச் செய்த தொழிலாளிகளில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? கையில் வந்ததை இன்னொரு தலைமுறைக்குக் கொடுக்கும்படி சுட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தராசு எது நல்லது?

டிஜிட்டலோ முள் தராசோ, சோதனை எடைக்கல் வைத்துத் தினமும் சரிபாருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். பொற்கொல்லர் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது சும்மா இல்லை. மருந்து போட்ட கூடுகளை ஐம்பது துளைப் பலகையில் நிறுத்தி, குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். போன் பேசிக்கொண்டு இந்த வேலை வேண்டாம்.

தோட்டா நீளம்?

78.1 மில்லிமீட்டருக்கு மேல் போனால், ரைபிளின் அடியில் தோட்டா அடுக்கும் பெட்டியான மேகசினில் ஏறாது. மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும், மாறினால் சிக்கும்.

தாத்தா காலத்துக் கார்டைட் தோட்டா இருக்கிறது. பிரித்து அந்த மருந்தையும் கூட்டையும் பயன்படுத்தலாமா?

வேண்டாம். கார்டைட் தூள் இல்லை, சேமியா மாதிரி நீளக் குச்சிகள். கயிறு என்ற பொருளில்தான் அந்தப் பெயரே. முதல் கலவையில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின். அது கூட்டின் குறுகிய கழுத்து வழியே நுழையாது என்பதால், குச்சிக் கட்டை முதலில் வைத்துவிட்டுப் பிறகுதான் கழுத்தை ஒடுக்கினார்கள். நம் நீலகிரி அருவங்காடு ஆலை இதற்கென்றே வந்தது. பழைய கார்டைட் எப்படிக் கெட்டிருக்கிறது என்று வெளியே தெரியாது.

கூட்டுக்கும் குறை உண்டு. அந்தக் காலத்து பிரைமரில் பாதரசம் இருந்தால், சுட்டதும் பித்தளைக்குள் ஏறி அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். அப்புறம், கிர்க்கீ ஆலையின் கே.எஃப். முத்திரை போட்ட கூடுகளில் பெரும்பாலும் பெர்டான் பிரைமர். டார்ச் அடித்துப் பாருங்கள்: அடியில் நடுவே ஒரே துளை என்றால் பாக்ஸர், ரீலோட் செய்ய ஏற்றது. ஓரமாக இரண்டு சிறு துளை என்றால் பெர்டான்; சாதாரண டையின் ஊசி அதில் முறிந்துவிடும். பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்கா முழுக்கப் பாக்ஸர் முறை, ஐரோப்பாவில் பெர்டான் முறை பரவியது.

பழைய படைத் தோட்டா சுட்டால் பேரல் துருப்பிடிக்கும் என்கிறார்களே, எண்ணெய் போட்டால் போதாதா?

போதாது. எங்கள் ஊர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். பழைய பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்த பின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, நம் சோற்று உப்புக்குப் பங்காளி. வாலிநோக்கம் உப்பளத்திலிருந்து ஒரு கை உப்பை அள்ளி இரும்புத் தகட்டில் தூவி, பனிக்காற்றில் ஒரு ராத்திரி வைத்தால் காலையில் என்ன ஆகுமோ அதுதான் பேரலுக்குள்ளும் ஆகும். காரைக்குடி சிக்ரி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் களம் வைத்திருப்பது இந்தக் காற்றுக்காகத்தான்.

உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். கொதிக்கும் தண்ணீரைப் புனலில் விட்டுப் பேரலைக் கழுவுங்கள். சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடும். துணி விட்டுத் துடைத்து, அப்புறம் எண்ணெய். போல்ட் முகத்தையும் கழுவுங்கள். சுட்ட அன்றே செய்ய வேண்டும். நீங்கள் புதுப் பிரைமர் போட்டு ரீலோட் செய்யும் தோட்டாவுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கூட்டைப் பளபளப்பாக்க அம்மோனியா கலந்த பாலிஷ் போடலாமா?

கூடாது. இதன் கதை நம் நாட்டிலேயே நடந்தது. பிரிட்டிஷ் காலத்தில் மழைக்காலத்துக்குப் படைகள் ஓய்வெடுக்கும்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். மழை முடிந்து எடுத்தால் கூடுகளில் வெடிப்பு. பருவத்தில் வருவதால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாதான் இழுவிசையில் இருக்கும் பித்தளையைப் பிளக்கிறது என்பது 1921-இல்தான் தெளிவானது. எங்கள் பக்கம் ஐஸ் பேக்டரியில் அம்மோனியா ஓடும் குழாயெல்லாம் இரும்பாக இருப்பதற்கும் இதுதான் காரணம்; அங்கே பித்தளை வால்வு போட மாட்டார்கள். கூட்டைச் சோப்புத் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் கலந்து கழுவி, நன்றாக அலசி வெயிலில் காயவைத்தாலே போதும்.

என்னிடம் இருப்பது இசாப்பூர் ரைபிள். பார்வைக்கு .303 மாதிரியே இருக்கிறது. அதே டைதானே?

பொறுங்கள். இசாப்பூர் ஆலை .303 மார்க் 3 ரைபிளையும் செய்தது. 1960-களில் அதே உருவத்தில் 7.62 நேட்டோ தோட்டாவுக்கு 2ஏ, 2ஏ1 என்றும் செய்தது. பிடிக்கட்டைக்கு மேலே இரும்பு வளையத்தில் பொறித்திருப்பதை வாசியுங்கள். 2ஏ1 என்று இருந்தால், மேகசின் சதுரப் பெட்டியாக இருந்தால், அது 7.62. டை வேறு, .308 அங்குலக் குண்டு, மருந்துப் பட்டியலும் வேறு. பேரல் மாற்றிய ரைபிள்களும் வெளிநாட்டுச் சந்தையில் சுற்றுகின்றன. சந்தேகம் இருந்தால் துப்பாக்கிப் பட்டறையில் சேம்பருக்கு அச்சு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மௌசர், மொசின் ரைபிள்கள் வைத்திருக்கிறோம். அவற்றுக்கும் இதே முறையா?

மொசினும் விளிம்புக் கூடுதான். மேலே கழுத்து டை பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும். 8 மி.மீ. மௌசரில் ஒரு கண்ணி இருக்கிறது: 1888 மாடலில் வரிப்பள்ளம் .318 அங்குலம், 1905-க்குப் பிறகு .323. பெரிய குண்டைச் சின்னப் பேரலில் சுட்டால் ஆபத்து. இதற்காகவே அமெரிக்கத் தரநிலையில் அந்தத் தோட்டாவுக்கு அழுத்தத்தை மிகவும் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஈயம் விட்டு அளந்த பிறகே குண்டு வாங்குங்கள்.

அண்ணே, கடற்கரையில் தோட்டா கிடைக்கிறது, குழி தோண்டினால் வருகிறது. என்ன செய்ய?

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகப் பழைய தோட்டாக்கள் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்த மண்ணில் இன்னும் எங்கே என்ன புதைந்திருக்கிறதோ. கண்டால் மண்வெட்டியை அப்படியே வைத்துவிட்டு, ஆட்களை விலக்கிவிட்டு, 112-க்குப் போன் செய்யுங்கள். உப்பு ஏறிப் பச்சை பூத்த தோட்டா செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பிரைமர் உயிரோடு இருக்கலாம். பித்தளை விலைக்காகச் சுத்தியால் தட்டுவதும், அடுப்பில் போட்டுப் பார்ப்பதும் கண்ணையும் விரலையும் பறிக்கும். தோட்டாவோடு வேறு எதுவும் சேர்ந்து கிடக்கலாம், அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் வர வேண்டும்.

அப்பா பட்டாளத்திலிருந்து நினைவாகக் கொண்டுவந்த ஒரே ஒரு தோட்டா டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஒன்றுதானே?

ஒன்று என்றாலும் தோட்டாதான், சட்டம் எண்ணிக்கை பார்ப்பதில்லை. காவல் நிலையத்தில் எழுத்து மூலம் விவரம் சொல்லி ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகாமல், முதலில் போனில் சொல்லி, எப்படிக் கொண்டுவர என்று கேளுங்கள். அதுவரை அந்த டிரங்குப் பெட்டியை ஊருக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மதுரை விமான நிலையத்தில் எக்ஸ்ரே பார்ப்பவருக்கு அது உங்கள் அப்பாவின் ஞாபகம் என்று தெரியாது. அப்பாவின் மெடல், டிஸ்சார்ஜ் புத்தகம் இரண்டையும் எடுத்துத் தனியாகப் பாலிதீன் உறையில் போட்டு வையுங்கள். இந்தக் காற்றில் மெடலின் ரிப்பன்கூட நைந்துபோகும்.